உபதேசியாரும் ஓர் அழைத்தலே: கெடா தோட்டங்களிலும் நகரங்களிலும் கத்தோலிக்க ஆடவர்க்கு இருந்த இறைப்பணி வழிகள்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாறு தோட்டத்தை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. குடிப்பெயர்வு, கங்காணி முறை, கூலிப் போராட்டம், தமிழ்ப்பள்ளி ஆகியவை பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. தோட்டத்துச் சமய வாழ்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மாரியம்மன், முனீசுவரர் வழிபாட்டோடு நின்றுவிடுகின்றன. அதே லயத்தில் குடியிருந்து அதே பால்மரங்களைச் சீவிய கத்தோலிக்கத் தமிழர்க்கு அவற்றில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. திருச்சபையின் வரலாறுகளிலோ ஆயர்கள், பிரெஞ்சு மறைப்பணியாளர்கள், ஆலயக் கட்டடங்கள் ஆகியவற்றின் வரிசையில் அவர்கள் மறைந்துபோகின்றனர்.

இந்த இரு வரலாறுகளுக்கும் நடுவே நிற்கும் ஒரு கேள்வியை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். கெடா தோட்டமொன்றில் பிறந்த கத்தோலிக்க இளைஞன் ஒருவன் தன் வாழ்வை இறைப்பணிக்கு ஒப்படைக்க விரும்பினால் அவன்முன் இருந்த வழிகள் எவை? அவற்றுள் எது உண்மையில் திறந்திருந்தது? குருத்துவம், அருள்சகோதரர் வாழ்வு, உபதேசியார் பணி, திருத்தொண்டர் பணி ஆகிய நான்கையும் காலவரிசையில் நோக்கி, இவற்றுள் தோட்டத்து மனிதனுக்கு நெடுங்காலம் எட்டக்கூடியதாக இருந்தது உபதேசியார் பணி ஒன்றே என்பதையும், அதனை ‘அழைத்தல்’ என்னும் சொல்லுக்கு வெளியே வைத்ததால் நம் வரலாற்றில் ஒரு பெரும் இடைவெளி உண்டாயிற்று என்பதையும் நிறுவ முயல்கிறோம். கன்னியர் சபைகளில் சேர்ந்த பெண்களின் வரலாறு தனி ஆய்வுக்குரியது. அதனை இங்குத் தொடவில்லை.

அழைத்தல் என்னும் சொல்லும் அதன் எல்லையும்

கத்தோலிக்கத் தமிழில் ‘தேவ அழைத்தல்’ என முன்பும் ‘இறையழைத்தல்’ எனப் பின்பும் வழங்கும் தொடர், பேச்சு வழக்கில் குருமடத்துக்கோ துறவற சபைக்கோ செல்வதையே குறிக்கிறது. ‘அவருக்கு அழைத்தல் இருக்கிறது’ என்றால் அவர் திருமணம் செய்துகொள்ளமாட்டார் என்பதே கேட்பவர் கொள்ளும் பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) திருமுழுக்குப் பெற்ற அனைவரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று கற்பித்த பின்னரும் இச்சொல்லின் புழக்கம் அவ்வளவாக விரியவில்லை.

பணிகளைக் குறிக்கும் பெயர்களும் கருதத்தக்கவை. குருவைச் ‘சாமி’ என்றும் பின்னர் ‘தந்தை’ என்றும் அழைத்தனர். திருப்பட்டம் பெறாமல் வார்த்தைப்பாடு மட்டும் கொடுத்துச் சபையில் வாழ்பவர் ‘அருள்சகோதரர்’. மறைக்கல்வி கற்பித்து, குரு இல்லாதபோது செபம் நடத்துபவர் ‘உபதேசியார்’. இக்காலத் திருச்சபைத் தமிழில் ‘வேதியர்’. ஆலயத்தைப் பேணுபவர் ‘கோயில்பிள்ளை’. ஒரே மனிதர் உபதேசியாராகவும் கோயில்பிள்ளையாகவும் இருப்பதும் உண்டு. இப்பெயர்களுள் ‘உபதேசியார்’ என்பது மதுரை மறைப்பணித் தளத்தின் காலம்தொட்டுத் தமிழகத்தில் வேரூன்றியது. ஐரோப்பியக் குருக்கள் சிலராகவும் ஊர்கள் பலவாகவும் இருந்த சூழலில், ஊரில் நிலையாகத் தங்கி நம்பிக்கையைக் காத்தவர் அவரே. இந்த அமைப்பே கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது.

கெடாவில் கத்தோலிக்கம்: இரு வருகைகள்

கெடாவில் கத்தோலிக்க சமயம் தோட்டத்தோடு தொடங்கியதன்று. சயாமிலிருந்து வெளியேற்றப்பட்ட பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையின் குருக்கள் கூடே, கார்னோ ஆகியோர் 1780களின் தொடக்கத்தில் கோலக் கெடாவில் ஒரு சிறு கிறித்தவச் சமூகத்திடையே பணியாற்றினர். போர்த்துகீசிய வழித்தோன்றல்களான யுரேசியரே அச்சமூகத்தில் மிகுதி. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபோது அவர்களுள் பலர் அங்குப் பெயர்ந்தனர். அவ்வாண்டு மரியாளின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி அவர்கள் கரையேறியதாலேயே பினாங்கின் முதல் கத்தோலிக்க ஆலயம் அத்திருநாளின் பெயரைப் பெற்றது.

இரண்டாம் வருகை தமிழருடையது. 1909ஆம் ஆண்டு ஆங்கிலோ–சயாம் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது. ரப்பர் விலை ஏறிய அந்நாளில் கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி வழியாகவே ஆட்கள் வந்தனர். கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்ததால், ஒரு தோட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தால் அவை பெரும்பாலும் ஓரிரு ஊர்களைச் சேர்ந்தனவாக இருந்தன. ஊர்ப் புனிதரின் பக்தி, பாட்டு, செபமுறை, சாதி, உறவுமுறை அனைத்தும் ஒருசேரக் கப்பலேறின.

இக்குடியேற்றத்தின் தன்மையைப் பேராக்கின் பாகான் செராய் குடியேற்றத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். 1880களில் பின்னாளைய ஆயர் பே அவர்களின் முயற்சியால் அங்கு உருவான தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பு, வயலும் வீடும் ஆலயமும் உடைய உழவர் ஊராக அமைந்தது. கெடா தோட்டத்துக் கத்தோலிக்கனுக்கு நிலம் இல்லை, வீடு நிர்வாகத்தினுடையது, சிற்றாலயம்கூடத் தோட்ட நிலத்தில் துரையின் இசைவால் நிற்பது. வேலை போனால் வீடும் ஆலயமும் சேர்ந்தே போகும். பின்வரும் செய்திகளை இந்த நிலையாமையை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும்.

குருத்துவம்: பக்கத்தில் இருந்த தொலைவு

கெடாவின் தென்னெல்லையிலிருந்து ஆசியாவின் மிகப் பழைய கத்தோலிக்கக் குருமடங்களுள் ஒன்று சில மணிநேரப் பயணத் தொலைவில்தான் இருந்தது. 1665ஆம் ஆண்டளவில் சயாமின் அயுத்தியாவில் தொடங்கப்பெற்ற பொதுக் குருக்கல்லூரி (காலேஜ் ஜெனரல்) போர்களாலும் துன்புறுத்தல்களாலும் இடம்பெயர்ந்து, 1808இல் பினாங்கில் நிலைபெற்றது. இடையில் 1770 முதல் 1782 வரை அது இயங்கிய இடம் புதுச்சேரிக்கு அருகில் உள்ள வீராம்பட்டினம் என்பது தமிழாய்வாளர்க்கு வியப்பளிக்கும். உரோம வணிகச் சான்றுகளால் புகழ்பெற்ற அரிக்கமேட்டில் இன்றும் நிற்கும் இடிந்த செங்கற் சுவர்கள், அக்கல்லூரியின் தலைவராயிருந்த ஆயர் பிஞ்ஞோ தெ பெகேனின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. தமிழ் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிய கல்லூரி, பினாங்கில் சீனர், வியட்நாமியர், சயாமியர், பர்மியர் எனப் பல நாட்டவர்க்கும் குருத்துவப் பயிற்சி அளித்தது.

ஆயினும் தோட்டத்துச் சிறுவனுக்கு அக்கல்லூரியின் வாயில் தொலைவிலேயே இருந்தது. அதற்கு நான்கு தடைகளைக் காண்கிறோம்.

முதலாவது மொழி. அங்குப் பாடமும் உரையாடலும் இலத்தீனிலேயே நடைபெற்றன. இலத்தீன் கற்க இளம் குருமடம் செல்ல வேண்டும். மலாக்கா மறைமாவட்டத்தின் புனித பிரான்சிஸ் சவேரியார் இளம் குருமடம் 1925இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அங்குச் சேர ஆங்கிலக் கல்வி வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியோ தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. ஆங்கிலப் பள்ளி நகரத்தில் இருந்தது. அதற்குக் கட்டணமும் தங்க ஓர் உறவினர் வீடும் தேவை. ஆகவே குருமடத்துக்கான வழி லயத்திலிருந்து நேரே செல்லவில்லை. நகரத்தைச் சுற்றியே சென்றது. கிராணி, மருத்துவமனைப் பணியாளர், இரயில்வே ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அது வாய்த்தது. பால்வெட்டுத் தொழிலாளியின் மகனுக்கு அரிதாகவே வாய்த்தது.

இரண்டாவது பொருளியல். பத்து, பன்னிரண்டு வயதில் பையன் பெற்றோரோடு காட்டுக்குச் செல்லத் தொடங்கிவிடுவான். அவன் கூலி குடும்பத்தின் அரிசிக் கணக்கில் சேர்ந்தது. மூத்த மகன் குருமடத்துக்குப் போவதென்றால் தங்கைகளின் திருமணமும் ஊரிலிருக்கும் பாட்டனாருக்கு அனுப்பும் பணமும் யார் பொறுப்பு என்னும் கேள்வி எழும். பிரமசரியத்தை ஏற்கும் மனம் ஒருவனுக்கு இருக்கலாம். அதன் செலவைக் குடும்பம் முழுவதும் ஏற்க வேண்டியிருந்தது.

மூன்றாவது திருச்சபைச் சட்டம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி குருப்பட்டம் பெற 24 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமணமானவர், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர், பிற நம்பிக்கையிலேயே நிலைத்திருக்கும் பெற்றோரின் மகன் ஆகியோர்க்கு அது தடைகளை விதித்தது. தந்தை கத்தோலிக்கர், தாய் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர் என்னும் குடும்பத்து மகனைக் குருமடத்துக்குப் பரிந்துரைக்கும்முன் பங்குக் குரு இத்தடையை எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது. பெற்றோரின் சமயம் பற்றிய இத்தடை 1983ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தொகுப்பில் இடம்பெறவில்லை.

நான்காவது தடை எழுதப்படாதது. தமிழகத்துத் திருச்சபையில் குருமட வாயிலில் சாதி நின்றது என்பது மறைக்க முடியாத வரலாறு. 1980களின் இறுதியில் எழுந்த தலித் கிறித்தவர் இயக்கங்களின் கோரிக்கைகளுள் குருத்துவத்தில் உரிய இடமும் ஒன்று. ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் அந்த நினைவையும் சுமந்து வந்தனர். பட்டம் பெறுவது நம்மைப்போன்றவர்க்கு அன்று என்னும் எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒருவனைத் தடுத்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

இத்தடைகளைக் கடந்தவர் இல்லாமல் இல்லை. கெடாவின் சுங்கைப்பட்டாணியில் 1932 ஏப்ரல் 22இல் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் 1966 டிசம்பர் 10இல் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவர் வயது 34; சட்டம் கோரிய குறைந்த வயதைவிடப் பத்தாண்டு கூடுதல். 1978இல் பினாங்கு ஆயராகவும், 1983இல் கோலாலம்பூர்ப் பேராயராகவும் பொறுப்பேற்று 2003இல் ஓய்வு பெற்றார். 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2020 அக்டோபர் 28இல் மறைந்தார். அவர் வாழ்வு கெடாவுக்குப் பெருமை. ஆனால் வரலாற்று மாணவன் அதிலிருந்து வேறொன்றையும் கற்க வேண்டும்: அவர் பிறந்தது இரயில் நிலையமும் ஆலயமும் ஆங்கிலப் பள்ளியும் அமைந்த நகரத்தில், குருவானது இளமையின் தொடக்கத்தில் அன்று, முதிர்ந்த வயதில். இவ்விரண்டும் நாம் மேலே கூறிய தடைகளின் அமைப்போடு பொருந்துகின்றன.

அருள்சகோதரர்: பள்ளிக்கூடத்தின் அழைப்பு

குருத்துவத்துக்கு அடுத்ததாக நகர இளைஞனின் கண்ணில் பட்டவர்கள் லசால் சபைச் சகோதரர்கள். 1852இல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பணி தொடங்கிய இச்சபையினர் பலி நிறைவேற்றும் குருக்கள் அல்லர். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய வார்த்தைப்பாடுகளோடு கற்பித்தலையே தவமாகக் கொண்டவர்கள். பினாங்கின் புலாவ் தீக்கூசில் 1920களில் அவர்களின் நவதுறவியர் இல்லம் இயங்கியது. அக்கட்டடம் இன்று ஒரு வணிக வளாகத்தின் நடுவே பேணப்பட்டுள்ளது.

இவ்வழிக்கு ஒரு தனித்த ஈர்ப்பு இருந்தது. தன்னை உருவாக்கிய ஆசிரியரையே மாணவன் தன் வருங்காலமாகக் கண்டான். பட்டமேற்பதற்கான நீண்ட இறையியல் படிப்பு இதில் இல்லை. ஆசிரியப் பயிற்சியே முதன்மை. ஆனால் இதற்கும் தேவைப்பட்டது ஆங்கிலப் பள்ளியே. எனவே தோட்டத்தைப் பொறுத்தவரை குருத்துவத்துக்கு இருந்த முதல் இரு தடைகளும் இங்கும் இருந்தன. விடுதலைக்குப்பின் மிஷன் பள்ளிகள் அரசு உதவி பெறும் தேசியக் கல்வி அமைப்பினுள் வந்தன. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. ஆசிரியரை அமர்த்துவதும் மாற்றுவதும் அரசின் பொறுப்பான பிறகு, சகோதரரின் அழைத்தலுக்கும் வகுப்பறைக்கும் இருந்த நேரடித் தொடர்பு தளர்ந்தது. ஆசிரியராக வேண்டுமானால் துறவியாக வேண்டியதில்லை என்னும் நிலையும் உருவாயிற்று. இளைஞன் அரசு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றான், மணம் புரிந்தான், ஞாயிறன்று மறைக்கல்வி கற்பித்தான். இதனை அழைத்தலின் இழப்பு என்று கணக்கிடுவதா, வேறொரு அழைத்தல் என்று கணக்கிடுவதா என்பது நாம் முன்னர் எழுப்பிய சொற்சிக்கலையே மீண்டும் நினைவூட்டுகிறது.

உபதேசியார்: தமிழில் வாழ்ந்த திருச்சபை

தோட்டத்து மனிதனுக்குத் திறந்திருந்த வழி உபதேசியார் பணி. அவர் மணமானவர், அதே லயத்தில் குடியிருப்பவர், பலர் காலையில் பால் வெட்டி மாலையில் செபம் நடத்தியவர்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் பல தோட்டங்கள் சிதறிக் கிடந்தன. குரு வந்து பூசை வைக்கும் நாள்கள் சில. மற்ற நாள்களெல்லாம் உபதேசியாரின் நாள்கள்.

அவர் செய்தவற்றை நிரல்படுத்தினால் பணியின் பரப்பு விளங்கும். ஞாயிற்றுக்கிழமை செபமும் செபமாலையும் நடத்துதல். பிள்ளைகளுக்குச் சின்னக் குறிப்பிடம் கற்பித்து முதல் நற்கருணைக்கு ஆயத்தப்படுத்துதல். சாகக் கிடப்பவர் அருகில் செபித்தல். குரு வந்து சேரமுடியாதபோது அடக்கச் சடங்கை நடத்துதல். திருமணப் பேச்சு நடந்தால் உறவுத்தடை உண்டா என விசாரித்துக் குருவுக்குத் தெரிவித்தல். பிரெஞ்சுக் குருவின் தமிழ் புரியாதவர்க்கு விளக்குதல், சண்டையைத் தீர்த்தல் எனப் பட்டியல் நீளும். சாகும் நிலையிலிருக்கும் குழந்தைக்கு யாரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது திருச்சபையின் பழஞ்சட்டம். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் மிகுந்த தோட்டங்களில் அச்சட்டம் ஏட்டில் உறங்கவில்லை. ஒரு மாதத்துக்குக் குரு கிடைக்கமாட்டார் என்னும் நிலையில் இரு சாட்சிகள் முன்னிலையில் செய்யும் திருமணம் செல்லும் என்றும் 1917ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. குரு இல்லாத இடத்தில் திருச்சபை எவ்வாறு வாழ முடியும் என்பதைச் சட்டம் எண்ணி வைத்திருந்தது. அதனை நடத்திக் காட்டியவர்கள் உபதேசியார்களைப் போன்ற பொதுநிலையினரே.

தோட்டச் சமூகத்தில் அவர் பெற்ற இடம் மாரியம்மன் கோயில் பூசாரிக்கோ பண்டாரத்துக்கோ இருந்த இடத்தை ஒத்தது. இருவரும் நிர்வாகத்திடம் ஊதியம் பெறாமலே தோட்டத்தில் மதிப்புப் பெற்றவர்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதலில் அழைக்கப்படுபவர்கள். வேறுபாடு ஒன்றுண்டு. பூசாரி தன் கோயிலில் தானே தலைவர். உபதேசியாரோ தொலைவிலிருக்கும் ஒரு குருவின் பதிலாள். அவர் தவறினால் கேட்க ஆள் உண்டு. நன்றாகச் செய்தால் பதிந்து வைக்க ஏடு இல்லை.

மொழி நோக்கில் உபதேசியாரின் பங்கு இதனினும் பெரிது என்பது நம் கருத்து. 1960களின் நடுப்பகுதிவரை பலிபீடத்தின் மொழி இலத்தீன். மக்கள் விளங்கிக்கொள்ளாத அம்மொழிக்கு வெளியே இருந்த அனைத்தும் தமிழ்: மந்திரங்கள், மன்றாட்டுமாலை, தவக்காலச் சிலுவைப்பாதை, பாடுகளின் புலம்பல், ஊர்ப் புனிதர்மீது பாடிய விருத்தங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் போன்ற நூல்கள், வாய்விட்டுப் படிப்பவர் ஒருவரை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. எழுத்தறிந்தவர் சிலரே இருந்த லயத்தில் அப்படிப்பவர் பெரும்பாலும் உபதேசியாரே. இலத்தீன் குருவினுடையதாகவும் தமிழ் உபதேசியாருடையதாகவும் பணி பிரிந்திருந்தது. தோட்டத்துக் கத்தோலிக்கரிடையே தமிழ் எழுத்தறிவும் செய்யுள் ஓசையும் நின்றதற்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரோடு இவரையும் காரணராகக் கொள்ள வேண்டும்.

உபதேசியார் பணிக்குப் போட்டியாகத் தோட்டத்து இளைஞரை அழைத்த வேறு குரல்களும் கெடாவில் இருந்தன. 1946–47இல் பீடோங் அருகில் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைக்கு எதிராகவும் தொழிலாளர் மானத்துக்காகவும் இளைஞரை அணிதிரட்டியது. சயாம் மரண இரயில்பாதையில் உறவினரை இழந்து திரும்பிய தலைமுறை அது. பிறர்க்காகத் தன்னைக் கொடுக்க வேண்டும் என்னும் வேட்கை அக்காலத் தோட்டத்து ஆடவரிடையே பரவலாக இருந்தது. சமயப் பணியை மட்டும் தனியே எடுத்து ‘அழைத்தல்’ என்று ஆராய்வோர், அதே ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் எழுந்த இந்தத் தொண்டுணர்வையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

மாற்றங்களின் காலம்

1955இல் கோலாலம்பூர், பினாங்கு மறைமாவட்டங்கள் தனித்தனியே நிறுவப்பட்டன; கெடா பினாங்கு மறைமாவட்டத்துள் அடங்கியது. இலங்கையில் பிறந்த தொமினிக் வெண்டர்கன் கோலாலம்பூரின் முதல் ஆயரானார். பினாங்கின் முதல் ஆயர் பிரான்சிஸ் சான். உள்நாட்டுக் குருக்களின் தேவை அப்போதே உணரப்பட்டது. 1960களில் வழிபாட்டு மொழியாகத் தமிழ் பலிபீடம் ஏறியது. இது மக்களுக்குப் பெரும் பேறு. அதன் எதிர்பாராத விளைவு ஒன்றையும் குறிக்க வேண்டும்: உபதேசியாருக்கு உரியதாக இருந்த தமிழ், தமிழறிந்த குருவின் பொறுப்பாயிற்று. சங்கத்தின் மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பு (1965) உபதேசியார்களைப் போற்றிப் பேசியது. ஆயினும் தோட்டத்தில் அவர்தம் இடம் சுருங்கத் தொடங்கிய காலமும் அதுவே.

சுருக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் சமூகங்களைக் கலைத்தது. 1969 முதல் குடியுரிமை அற்றவர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் இந்தியா திரும்பினர். பின்னர் செம்பனையும் தொழிற்சாலையும் வர, இளைஞர் சுங்கைப்பட்டாணி, கூலிம், பினாங்கு எனப் பெயர்ந்தனர். சபை கலைந்த பின்னர் உபதேசியாருக்குப் பணி ஏது?

1970களில் வெளிநாட்டு மறைப்பணியாளரின் தங்குகாலத்துக்கு அரசு வரையறை விதித்ததும் திருச்சபை தன் நிலையை ஆராய வேண்டியதாயிற்று. 1976 ஆகஸ்ட் மாதம் முழுவதும் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பங்குகளை விட்டு ஒன்றுகூடிச் சிந்தித்தனர். அம்மாதத்தில் பங்குகளைப் பொதுநிலையினரே நடத்தினர். அடிப்படைக் கிறித்தவச் சமூகங்களைக் கட்டியெழுப்பும் திட்டம் அக்கூட்டத்தில் வலுப்பெற்றது; 1986இல் தொடங்கிப் பத்தாண்டுக்கொருமுறை கூடிய மேய்ப்புப்பணி மாநாடுகள் அதனைத் தொடர்ந்தன. குரு இல்லாமல் ஒரு மாதம் என்பது நகரப் பங்குகளுக்குப் புதுமை. தோட்டங்களுக்கு அது பழைய வாழ்க்கை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வாழ்க்கையை நடத்தி வந்தவர்களின் பட்டறிவைப் புதிய திட்டத்தின் முன்னோடியாகக் கண்டு எழுதியவர் அரியர்.

திருத்தொண்டரும் வேதியரும்

திருமணமான ஆடவர்க்குத் திருப்பட்டத்தின் ஒரு படியைத் திறந்தது நிரந்தரத் திருத்தொண்டர் பணி. சங்கத்தின் தீர்மானத்தை ஏற்று 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதனை மீண்டும் ஏற்படுத்தினார். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமானவர் இப்பட்டம் பெற 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மனைவியின் இசைவும் வேண்டும். திருமுழுக்கு அளிக்கவும் திருமணத்துக்குத் தலைமை தாங்கவும் மறையுரை ஆற்றவும் அவர்க்கு உரிமை உண்டு. பலி நிறைவேற்றவும் பாவமன்னிப்பு அளிக்கவும் இல்லை. அண்மைக் காலத்தில் தீபகற்ப மலேசியாவிலும் நிரந்தரத் திருத்தொண்டர்கள் பணியாற்றி வருகின்றனர். இப்பட்டியலைத் தோட்டத்து உபதேசியாரின் பணிகளோடு ஒப்பிட்டால், இரண்டும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதைக் காணலாம். பட்டமும் உரிமையும் இல்லாமல் அவர் சுமந்ததன் பெரும்பகுதிக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துள்ளது.

அப்பெயர் தமிழில் அமைந்த விதமும் எண்ணத்தக்கது. ‘திருத்தொண்டர்’ என்பது சுந்தரரின் திருத்தொண்டத்தொகை வழியாகவும் சேக்கிழாரின் பெரியபுராணமாகிய திருத்தொண்டர் புராணம் வழியாகவும் நமக்கு வந்த சொல். அத்தொண்டருள் பலர் மனைவி மக்களோடு இல்லறம் நடத்தியவர்கள்; குயவர், வண்ணார், மீனவர் எனத் தொழில் செய்து வாழ்ந்தவர்கள். இல்லறத்தானும் தொழிலாளியும் இறைவனுக்கு உரிய தொண்டராகலாம் என்னும் கருத்து தமிழ் மரபுக்கு அயலானதன்று. அச்சொல்லைத் தேர்ந்த திருச்சபைத் தமிழ் அறிந்தோ அறியாமலோ அம்மரபை வரித்துக்கொண்டது.

2021 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாக ஏற்படுத்தினார். ஆயர் தலைமையில் நடைபெறும் சடங்கின் வழி ஆடவரும் பெண்டிரும் அப்பணியில் அமர்த்தப்படலாம். இனி இப்பணி ஆடவர்க்கு மட்டும் உரிய வழியன்று என்பதும் குறிப்பிடத்தக்க மாற்றம். உபதேசியார் செய்தது ‘உதவி’யா ‘அழைத்தலா’ என்னும் கேள்விக்கு உரோம் இவ்வாறு விடையளித்தபோது, கெடாவின் பழைய தோட்டங்கள் பலவற்றில் லயங்களே இல்லாமற்போயிருந்தன.

முடிவுரை

கெடாவின் கத்தோலிக்க ஆடவர்க்குப் பெயரளவில் பல வழிகள் இருந்தன. நடைமுறையில் குருத்துவமும் அருள்சகோதரர் வாழ்வும் ஆங்கிலப் பள்ளியின் வழியே நகரத்தார்க்குக் கிட்டின. திருத்தொண்டர் பணி தோட்டச் சமூகம் கலைந்த பின்னரே வந்தது. லயத்திலிருந்து நேரே சென்றடையக்கூடியது உபதேசியார் பணி ஒன்றே. ஓர் ஆணின் அழைத்தல் அவன் மனத்தில் மட்டும் முடிவாவதில்லை; பள்ளி எவ்வளவு தொலைவில் இருந்தது, வீட்டில் எத்தனை தங்கைகள் இருந்தனர், தாய் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாள் என்பனவும் அதனை முடிவு செய்தன.

அழைத்தலைக் குருக்களின் எண்ணிக்கையால் அளந்தால், தோட்டத்துத் தமிழர் இறைப்பணிக்கு மிகக் குறைவாகவே ஆள் கொடுத்தனர் என்னும் முடிவுக்கே வருவோம். அம்முடிவு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பங்குகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளில் குருவின் கையொப்பத்துக்கு மேலே, ஞானத்தந்தை என்றும் சாட்சி என்றும் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருமாயின், அங்கே ஓர் உபதேசியாரைத் தேட வேண்டும். அவர் படித்த நூல் மகன் வீட்டு அலமாரியில் இருக்கக்கூடும்; அவர் பாடிய புலம்பல் மகளின் நினைவில் இருக்கக்கூடும். வட மாநிலங்களில் பணிபுரியும் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு இவற்றைத் திரட்டினால், அது கத்தோலிக்கர் வரலாற்றுக்கு மட்டுமன்றித் தோட்டத் தமிழின் வரலாற்றுக்கும் ஆவணமாகும். அந்த மகன்களும் மகள்களும் இப்போது எழுபது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர்.